முதலமடை மாம்பழத்தை எந்தச் சந்தையில் இறக்குவது: வாட்ஸ்அப்பா, ரீல்ஸா, கூகுள் மேப்பா?

கார்த்திகையில் பூ எடுத்ததிலிருந்து அக்கா வீட்டில் ஒரே பேச்சுதான். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்து முதலமடையில் மாமாவுக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு. எங்கள் பக்கத்து வழக்கப்படி இத்தனை வருஷமும் பூவைப் பார்த்தே குத்தகைக்கு விட்டுவிடுவார். குத்தகைக்காரர் மருந்தடிப்பார், பறிப்பார், லாரியில் ஏற்றுவார். அக்காவும் மாமாவும் சொந்தத் தோப்பிலேயே விருந்தாளிபோல ரெண்டு பழம் வாங்கித் தின்பார்கள். இந்த வருஷம் மாமா வேறு மாதிரி நினைத்தார். பாதித் தோப்பு குத்தகைக்கு. மீதியை நாமே பறித்து, வைக்கோலில் பழுக்க வைத்து, ஐந்து கிலோ பெட்டியாகக் கட்டி, தின்கிறவர் கைக்கே நேராகக் கொடுப்பது.

எப்படி விற்பது என்பதில்தான் வீடு பிரிந்தது. மாமா வாட்ஸ்அப் என்கிறார். காலேஜ் படிக்கும் அக்கா மகள் ரீல்ஸ் என்கிறாள். பொள்ளாச்சியில் இருக்கும் மாமாவின் தம்பி, "ஆன்லைன் கடையில போட்டுருங்கண்ணா, அவனே வந்து எடுத்துட்டுப் போயிருவான்" என்கிறார். அக்கா எந்தப் பக்கமும் சேரவில்லை. "ஏமாந்துறக் கூடாது, அவ்வளவுதான்" என்றாள். கொழிஞ்சாம்பாறையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. பிரிண்டரைக் கழற்றி மாட்டத் தெரிந்தவனுக்கு எல்லாமே தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை.

ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மாம்பழம் என்றில்லை, எல்லைப் பக்கத்தில் கருப்பட்டியோ தேங்காயெண்ணெயோ விற்க நினைக்கிறவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவலாம்.

மாமா கேட்ட முதல் கேள்வி இது: "சும்மா இடம் குடுக்கறாங்களே, இதுல அவங்களுக்கு என்ன மாப்ள லாபம்?"

வாரச்சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தை ஏலம் எடுத்தவர் ஒரு வெண்டைக்காய்கூட விளைவிப்பதில்லை. மேடு அவருடையது, சரக்கு ஊராருடையது, அவருக்குச் சுங்கம். இணையம் ஆரம்பத்தில் இப்படி இல்லை. தொண்ணூறுகளில் கம்பெனிக்காரரே எழுதினார், அவரே படம் போட்டார், நாம் பார்த்துவிட்டு வந்தோம். 1995-ல் பியர் ஒமிட்யார் தொடங்கிய இபே என்ற ஏலக் கடை சொந்தமாக ஒரு சரக்கும் வைத்துக்கொள்ளாமல் வந்தது. முன்பின் தெரியாத ஆளுக்கு எதை நம்பிக் காசு அனுப்புவது என்ற சிக்கல் உடனே எழுந்தது. அடுத்த வருஷமே, வாங்கினவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் நல்லது கெட்டது எழுதிவைக்க வழி செய்தார்கள். இன்று நாம் நட்சத்திரத்தை எண்ணிவிட்டு ஓட்டலுக்குள் நுழைவது அதன் பேரப்பிள்ளைதான்.

அப்புறம் வரிசையாக வந்தன. 2001-ல் விக்கிப்பீடியா, 2004-ல் ஆர்குட்டும் ஃபேஸ்புக்கும், 2005-ல் யூடியூப். ஊராரே சரக்குப் போடும் இந்த மாதிரி இணையத்துக்கு 'வெப் 2.0' என்று பெயர். அந்தச் சொல்லை டார்சி டினூச்சி என்பவர் 1999-லேயே எழுதிவிட்டார்; 2004-ல் கம்ப்யூட்டர் புத்தகம் போடும் டிம் ஓ'ரைலியின் நிறுவனம் அந்தப் பெயரில் மாநாடு நடத்திய பிறகுதான் அது எல்லார் வாயிலும் புழங்கியது. யூடியூபுக்கு இரண்டு வயது ஆகும் முன்பே, 2006 அக்டோபரில், 165 கோடி டாலருக்கு அதைக் கூகுள் பேசி முடித்தது. அதில் இருந்த வீடியோக்கள் பெரும்பாலும் ஊரார் எடுத்துப் போட்டவை. 2014-ல் ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை வாங்க ஒப்புக்கொண்ட விலை 1,900 கோடி டாலர். அப்போது வாட்ஸ்அப்பில் வேலை பார்த்தவர்கள் அறுபது பேர்கூட இல்லை.

"அந்த அறுபது பேருக்கா அவ்வளவு விலை?" என்றார் மாமா.

"இல்லீங்க மாமா, உங்க போன்ல இருக்கற நம்பருக்கு" என்றேன்.

இது புரிந்த பிறகு பேச்சு கொஞ்சம் மாறியது. எதில் கூட்டம் அதிகம் என்று பார்ப்பதை விட்டுவிட்டோம். கூட்டம் எல்லாவற்றிலும்தான் இருக்கிறது. நாளைக்கு அங்கிருந்து வெளியே வர நேர்ந்தால் நம்மோடு எது வரும் என்று கேட்க ஆரம்பித்தோம். ஆர்குட்டில் நம் ஊர்ப் பையன்கள் எத்தனை பேர் இருந்தார்கள்! 2014 செப்டம்பர் 30-ல் அது மூடப்பட்டது. டிக்டாக்கை மூடியது முதலாளி அல்ல, அரசாங்கம். 2020 ஜூன் 29-ல் தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. அதில் வளையலும் புடவையும் காட்டி விற்றவர்களுக்குப் பார்வையாளர் இருந்தார்கள். பார்வையாளரின் முகவரி இல்லை.

இதை மாமாவுக்கு விளக்கப் பறம்பிக்குளம் கைகொடுத்தது. அந்த மலைக்காடு முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. ஆனால் முதலமடைக்காரர் வண்டியில் அங்கே போகவேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும். அங்கே கேட் சாத்தினால் சொந்தப் பஞ்சாயத்துக்குப் போக முடியாது. "வாடிக்கை நம்முது, ரோடு அடுத்தவன்துங்கற" என்றார். அதேதான்.

சரி, ஒவ்வொன்றாக வருகிறேன்.

மாமாவின் கட்சியிலிருந்து தொடங்கலாம். வாட்ஸ்அப்பில் கடை விரிப்பதற்கு வழி ஒன்றல்ல, நான்கு. நான்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குணம் உள்ளவை. இதைப் பிரித்துப் பார்க்காமல் "வாட்ஸ்அப்பில் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்கிறவர்களை என் கடையில் வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

முதலில் குரூப். 1,024 பேர் வரை சேர்க்கலாம். மாமாவுக்கு இதில்தான் ஆசை. எனக்கு இதில்தான் பயம். குரூப்பில் எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரியும். பக்கத்துத் தோப்புக்காரர் உள்ளே வந்து நம் வாடிக்கையாளரைத் தனியாகக் கூப்பிட்டு விலை குறைத்துச் சொன்னால் தடுக்க முடியாது. காலை வணக்கம், கோயில் கொடை வசூல், ஐந்து பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்ற செய்தி எல்லாம் வரும். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு பெட்டியில் ரெண்டு பழம் அடிபட்டுப் போனால் வாங்கினவர் படம் எடுத்து நடுச்சபையில் போடுவார். அவர் செய்வது நியாயம்தான். ஆனால் அன்றைக்குப் புதிதாக ஆர்டர் சொல்ல இருந்த பத்துப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள்.

அடுத்தது பிராட்காஸ்ட் பட்டியல். ஒரு பட்டியலுக்கு 256 பேர். நாம் அனுப்புவது ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும், பதிலும் நமக்கு மட்டும் வரும். இதில் ஒரு நிபந்தனை: நம் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போய்ச் சேரும். பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இது வரம். 'முதலமடை மாங்கா' என்று நம் நம்பரைச் சேமித்தவர் வாங்க மனசுள்ளவர். அப்படி இருநூறு பேர் இருந்தால், ஒன்றரை ஏக்கர் தோப்புக்கு அது போதும்.

மூன்றாவது, 2023-ல் வந்த சேனல். எத்தனை ஆயிரம் பேரும் பின்தொடரலாம். ஆனால் பின்தொடர்கிற அந்நியர் யார், அவர் நம்பர் என்ன என்பது நமக்குத் தெரியாது. பத்திரிகை நடத்துகிறவருக்கு அது சரி. பெட்டி அனுப்ப முகவரி வேண்டியவருக்கு என்ன பயன்? நான்காவது, 2018-லிருந்து இருக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி. இதைச் சாதாரண வாட்ஸ்அப்புக்குப் பதிலாகப் போட்டுக்கொள்வதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அல்போன்சா, பங்கனப்பள்ளி, செந்தூரம், காலாபாடி என்று வகைக்கு ஒரு படம், விலை, பெட்டி அளவு போட்டுக் கேட்லாக் வைக்கலாம். "என்ன ரேட்டு" என்று ஐம்பது பேர் கேட்டால் ஐம்பது தரம் தட்டச்சு செய்யவேண்டியதில்லை. பணம் கொடுத்தவர், கொடுக்காதவர் என்று லேபிள் ஒட்டலாம். அக்காவுக்கு இந்த லேபிள் மிகவும் பிடித்துவிட்டது.

வாட்ஸ்அப்பின் பெரிய குறை ஒன்று உண்டு: அது புது ஆளைக் கூட்டி வராது. தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர், அவ்வளவுதான் எல்லை. இன்னொன்றையும் மாமாவிடம் சொல்லி வைத்தேன். 2021 அக்டோபர் 4 அன்று வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒரே சமயத்தில் சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. மூன்றும் ஒரே முதலாளியின் கடைகள். ஆகவே "வாட்ஸ்அப்பிலும் இருக்கிறோம், இன்ஸ்டாவிலும் இருக்கிறோம், ஒன்று போனால் ஒன்று" என்பது ரெண்டு காலில் நிற்பதாகாது. பறித்த பழம் ஆறு மணி நேரம் காத்திருக்கும், அதனால் பயமில்லை. ஆனால் வாடிக்கையாளர் நம்பர் ஒரு நோட்டில் பேனாவால் எழுதியிருக்க வேண்டும். நம்பர் இருந்தால் கூப்பிடலாம், எஸ்எம்எஸ் அனுப்பலாம். இதைச் சொல்ல எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. என் கடைப் படங்களைப் போட்டுவந்த ஒரு செயலியில், பழைய சிம் போனதும் கணக்குக்குள் நுழையவே முடியாமல் போயிற்று. எழுதிப் பார்த்தேன். தானாக அனுப்பும் பதில் ஒன்று வந்தது, அதோடு சரி. நான்கு வருஷப் படங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், என்னால் மட்டும் தொட முடியாது.

இனி அக்கா மகளின் கட்சி. அவளைக் குறைத்துச் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பால் ஆகாத ஒன்றை ரீல்ஸ் செய்யும்: நம்மைத் தெரியாதவருக்கு நம்மைக் காட்டும். டிக்டாக் போன அடுத்த மாதமே, 2020 ஜூலையில், இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது; செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை முதலில் சோதித்துப் பார்த்ததும் இந்தியாவில்தான். பின்தொடர்கிறவர் பத்தே பேர் இருந்தாலும், வீடியோவை ஆட்கள் கடைசிவரை பார்த்தால் செயலியே மேலும் மேலும் ஆளுக்குக் காட்டிக்கொண்டு போகும். முதலமடை ரயில் நிலையத்து ஆலமரங்களைத் தேடி சினிமாக்காரர்களே வருகிறார்கள். பின்னால் நெல்லியாம்பதி மலை, முன்னால் காய்த்துத் தொங்கும் மரம். படத்துக்கு ஒன்றும் குறைவில்லை.

ஆனால் இந்தக் கூட்டம் எப்படிப்பட்டது என்பதற்கு எங்களுக்கு ரொம்பத் தூரம் போகவேண்டாம், பக்கத்துக் கொல்லங்கோடு போதும். 2023-ல் இந்தியாவின் அழகான பத்துக் கிராமங்கள் என்று ஒரு பட்டியல் இணையத்தில் சுற்றியது. தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா அதைப் பகிர்ந்தார். அதில் கொல்லங்கோடும் ஒன்று. அதற்கு முன்பும் அந்த வயல் அங்கேதான் இருந்தது, அந்த ஓலை வேய்ந்த சாயாக்கடையும் அங்கேதான் இருந்தது. பட்டியல் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் நிறுத்த இடம் கிடையாது. சாயா விற்றவருக்கு வியாபாரம், சரி. வயல்காரருக்கு? வந்தவர்கள் வரப்பில் நின்று படம் எடுத்தார்கள். நெல் யாரும் வாங்கவில்லை.

மாம்பழத்துக்கும் இந்த ஆபத்து இருக்கிறது. ரீல் ஓடினால் அது அசாமிலும் ஓடும், துபாயிலும் ஓடும். "எங்களுக்கு அனுப்புவீர்களா" என்று நூறு பேர் கேட்பார்கள். பழுத்த செந்தூரத்தை ஐந்து நாள் பார்சலில் அனுப்பினால் போய்ச் சேர்வது பழக்கூழ்தான். நமக்கு வேண்டியவர் பாலக்காடு, திருச்சூர், பொள்ளாச்சி, கோயம்புத்தூரில் இருப்பவர். ஒரே ராத்திரி பஸ் பார்சலில் சேர்ந்துவிடும் தூரம். ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள் என்பதில் அந்த நான்கு ஊர்க்காரர் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்த்தால்தான் நமக்குக் கணக்கு தேறும்.

அக்கா மகள் உடனே வில்லேஜ் குக்கிங் சேனலைச் சொன்னாள். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்துத் தாத்தாவும் பேரன்களும் 2021-ல் தமிழில் முதலாவதாக ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டவர்கள். பெருமையான விஷயம்தான். ஆனால் அவர்களுக்கு வீடியோதான் வெள்ளாமை. நமக்கு மாங்காய் வெள்ளாமை. யூடியூபில் விளம்பர வருமானம் முழுதாக வர, ஆயிரம் சந்தாதாரர்களும் ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். இல்லையென்றால் தொண்ணூறு நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வை. அதைத் தாண்டினால் நீள வீடியோ விளம்பரத்தில் 55 சதவீதம் நம் பங்கு. நியாயமான பங்குதான், குத்தகைக்காரர் எந்தக் காலத்தில் அவ்வளவு கொடுத்தார்! ஆனால் அந்த எல்லையைத் தொடும் உழைப்பு முழுநேர உழைப்பு. மாமரத்தில் வேலை அதிகமாக இருக்கும் அதே தையிலும் மாசியிலும்தான் வீடியோவுக்கும் வேலை அதிகம்.

யூடியூபின் நீள வீடியோவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ரீலின் ஆயுள் பெரும்பாலும் சில நாள். நீள வீடியோ அப்படியல்ல. தேடுகிறவர் கையில் வருஷக்கணக்காக அகப்படும். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை, ஆனாலும் ஜனங்களுக்குச் சந்தேகம் போவதில்லை. வைக்கோலில் காயை அடுக்குவதிலிருந்து நாலாம் நாள் வாசம் கிளம்புவது வரை பத்து நிமிஷம் எடுத்து ஒரே ஒரு வீடியோ போட்டால், "உங்க பழத்துல மருந்து இருக்குமோ" என்று கேட்கிறவருக்கெல்லாம் அதன் லிங்க்கை அனுப்பலாம். சீசனுக்கு ஒன்று போதும். பேச்சைத் தமிழில் வைத்துவிட்டு மலையாளத்தில் எழுத்துப் போடலாம். அக்கா மகளுக்கு ரெண்டும் வரும். எல்லையில் பிறந்ததற்கு அந்த லாபமாவது இருக்கட்டும்.

கூகுள் மேப்பை வீட்டில் யாரும் நினைக்கவேயில்லை. நான்தான் நடுவில் கொண்டுவந்தேன். இதில் எனக்குக் கொஞ்சம் பழைய பாசமும் கோபமும் உண்டு. 2008-ல் கூகுள் 'மேப் மேக்கர்' என்று ஒன்றை விட்டது. அதன் பிறப்பிடமே கூகுளின் பெங்களூர் அலுவலகம்தான். வரைபடத்தில் விட்டுப்போன ரோட்டை ஊர்க்காரரே வரைந்து சேர்க்கலாம். நானும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து மூலத்தறை வாய்க்கால் ஓரப் பாதைகள், வேலந்தாவளம் பக்கத்து இட்டேரிகள், அம்மன் கோயில்கள் என்று வரைந்து தள்ளினேன். சம்பளமா? என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண் ஏறும், அவ்வளவுதான். 2017-ல் மேப் மேக்கரை மூடினார்கள். நான் வரைந்த பாதை அவர்கள் மேப்பில் இருக்கிறது, வண்டிகள் அதில் போகின்றன. அதைத் திரும்ப எடுத்து வேறு எங்கும் வைக்க எனக்கு வழியில்லை. அதே காலத்தில் ஸ்டீவ் கோஸ்ட் 2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்திருந்தால் அந்தத் தகவலை யாரும், நானும்கூட, எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஊரார் கட்டுகிற சேவைகளில் இப்படி ரெண்டு சாதி இருக்கிறது என்பதே எனக்கு அப்போது தெரியாது.

கோபம் இருந்தாலும் கணக்கு கணக்குதான். பறம்பிக்குளம், நெல்லியாம்பதி, கொல்லங்கோடு என்று போகிறவர்கள் போனில் மேப்பைத் திறந்துகொண்டே வருகிறார்கள். தோப்பு ரோட்டிலிருந்து இருநூறு அடி உள்ளே. 'மாம்பழம்' என்று தேடுகிறவருக்கு நம் தோப்பு தெரிந்தால் அவர் வண்டியைத் திருப்புவார். வருகிறவர் கையில் காசு இருக்கிறது, பழம் கண்ணெதிரே இருக்கிறது, பார்சல் தொல்லை இல்லை. பதிவு செய்யக் காசு கிடையாது. இடத்தையும் பெயர்ப்பலகையையும் வீடியோ எடுத்து அனுப்பி உறுதிசெய்யச் சொல்வார்கள். பலகை இல்லாத தோப்புக்காரர் முதலில் ஒரு பலகை எழுத வேண்டும், மலையாளத்திலும் தமிழிலும்.

இதில் கஷ்டம் நட்சத்திரம்தான். ஆனியில் வந்து, பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு, "பழம் இல்லை" என்று ஒற்றை நட்சத்திரம் போடுகிறவர் வருவார். அதனால் சீசன் முடிந்ததும் 'தற்காலிகமாக மூடியுள்ளது' என்று மாற்றி வைக்க ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். பழம் இலவசம் தருகிறேன், ஐந்து நட்சத்திரம் போடு என்று கேட்பது கூகுள் விதிப்படி தப்பு. மாமா முதலில் அதைத்தான் யோசித்தார். கெட்டது எழுதினவருக்குப் பதில் எழுதலாம். கோபப்படாமல் ரெண்டே வரியில். அடுத்து வருகிறவர் புகாரைவிட அந்தப் பதிலைத்தான் வாசிக்கிறார் என்பது என் கடை அனுபவம்.

பொள்ளாச்சித் தம்பியின் ஆன்லைன் கடை யோசனையைச் சீக்கிரமே ஒதுக்கிவிட்டோம். பெரிய ஆன்லைன் சந்தைகளில் வாங்கினவர் அவர்களுடைய வாடிக்கையாளர். அடுத்த மாசியில் நாம் கூப்பிட நம்பர் நம்மிடம் இருக்காது. பழம் நசுங்கி, திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால் எதைத் திருப்பி எடுப்பது? அக்கா போடும் மாவடுவுக்கு, இங்கே கண்ணிமாங்கா என்பார்கள், அந்த வழி பொருந்தலாம் என்று பார்த்தேன். அங்கேதான் எல்லைக்கோடு குறுக்கே விழுந்தது. புதுப் பழத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, ஊறுகாய்க்கு உண்டு. 2023 அக்டோபர் 1 முதல் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு வியாபாரியும் ஆன்லைன் சந்தையில் விற்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள், ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். அதாவது அக்கா தன் மாவடுவைக் காசர்கோட்டுக்கு அனுப்பலாம். கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி, அவளுடைய கொழுந்தனார் வீட்டுப் பக்கத்துக்கு அனுப்ப முடியாது. பதிவு எடுத்தால் அனுப்பலாம். நாற்பது பாட்டில் ஊறுகாய்க்கு மாதாமாதம் கணக்குக் காட்டும் தெம்பு அவளுக்கு இல்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவு எப்படியும் எடுத்தாக வேண்டும், அதை எடுத்துக்கொண்டு நேரில் வருகிறவர்களுக்குக் கொடுக்கட்டும்.

சொந்த வெப்சைட்? ஏழெட்டு வருஷத்துக்கு முன்பாக இருந்தால் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பேன். செய்துகொடுத்து நாலு காசும் பார்த்திருப்பேன். முகவரி நம்முடையது, யாரும் பிடுங்க முடியாது, உண்மை. ஆனால் ஆளில்லாத ரோட்டில் சொந்தக் கட்டடம். இருநூறு வாடிக்கையாளர் சேர்ந்த பிறகு யோசிக்கலாம்.

முடிவு இப்படி ஆயிற்று. இந்த சீசனுக்கு முதல் வேலை மேப்பில் தோப்பைப் பதிவது. அது புது ஆளைக் கொண்டுவரும், செலவுமில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டு, சம்மதித்தால் நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டு, நம் நம்பரை அவர் போனில் சேமிக்கச் சொல்வது. பிறகு அவர் பிராட்காஸ்ட் பட்டியலுக்குள் வந்துவிடுவார். குரூப் கிடையாது. மாமாவுக்கு இதில் வருத்தம்தான், ஒரு குரூப்புக்கு அட்மின் ஆகிப் பார்க்க வேண்டும் என்று இருந்தார். ரீல்ஸ் வாரத்துக்கு ஒன்று, அதுவும் ஒவ்வொன்றிலும் 'பாலக்காடு, திருச்சூர், கோவை, பொள்ளாச்சிக்கு மட்டும்' என்று எழுதி. வைக்கோல் வீடியோ யூடியூபில் ஒன்று. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வாட்ஸ்அப் நம்பர் அச்சடித்த சீட்டு ஒன்று. ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம். அதை என் கடையில்தான் அடிக்க வேண்டுமாம், இலவசமாக.

அக்கா மகள் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "ஒரு ரீல் வைரலாயிட்டா என்ன பண்ணுவீங்க மாமா?" என்று என்னைக் கேட்டாள். பழம் தீர்ந்துவிட்டது என்று எழுதி, அடுத்த வருஷத்துக்கு நம்பர் மட்டும் வாங்கி வைக்கச் சொன்னேன்.

நேற்றுப் போனபோது மாமா நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே ஒன்று என்று போட்டு என் பெயர், என் நம்பர்.

"ரெண்டு பெட்டி எழுதியிருக்கேன் மாப்ள" என்றார். "காசு குடுத்துத்தான்."